அடுத்தவர் வறுமை பாடமாகும்போது

1968 ஏப்ரல் 20. கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குப் போய்த் தொண்டு செய்யத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இவான் இல்லிச் பேசினார். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு அவர். லத்தீன் அமெரிக்காவுக்கு வரும் பாதிரியார்களுக்கும் தொண்டர்களுக்கும் மொழியும் பண்பாடும் கற்றுத்தரும் மையம் ஒன்றைக் குவர்னவாக்காவில் நடத்திவந்தார். வாழ்த்துவதற்குப் பதிலாக அந்த மாணவர்களை வறுத்தெடுத்துவிட்டார். நீங்கள் பேசுவது அந்த ஊர்க்காரருக்குப் புரியாது, அவர் பேசுவதும் உங்களுக்குப் புரியாது. உங்களை அறியாமலே உங்கள் நடுத்தர வர்க்க வாழ்க்கையை விற்க வந்திருக்கிறீர்கள் என்றார். ஏழைகள் நடுவில்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடித்தால், ‘போய்த் தொலை’ என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெம்புள்ள ஏழைகளிடம் போங்கள் என்பது அவர் சொன்ன யோசனை.

அந்த உரையின் முடிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மெக்சிகோவைப் பார்க்க வரலாம், மலையேற வரலாம், பூக்களை ரசிக்க வரலாம், படிக்கவும் வரலாம். உதவி செய்ய மட்டும் வர வேண்டாம்.

ஆக, இல்லிச் கண்ணில் உதவிதான் குற்றம்; படிப்பு அப்பாவி. ஆனால் அந்த மாணவர்களின் பேரன் பேத்திகள் வயதில் இருப்பவர்கள் இன்று பல்கலைக்கழகத்தில் எடுத்துப் படிக்கும் பாடம் ஒன்றில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. ‘சர்வதேச வளர்ச்சி’ என்பது அதன் பெயர். ஹேக் நகரத்தின் சமூக ஆய்வு நிறுவனம் 1952இல் தொடங்கியது. பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 1966இல் வந்தது. அமெரிக்கப் பல்கலைகளில் இளநிலை மாணவரே இதைத் தன் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் மானுடவியல், அரசியல், புள்ளியியல், ஏதாவது ஒரு ஏழை நாட்டில் சில வாரக் களப்பணி, கடைசியில் ஓர் ஆய்வேடு. படித்து முடித்தவர்கள் உலக வங்கிக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் போகிறார்கள். அதாவது, உதவப் போகிறவர் ஆகத்தான் இந்தப் படிப்பே.

வானியல் படிப்பவர் நட்சத்திரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாடப்பொருள் மனிதர்கள். அதுவும் பெரும்பாலும் மாணவரைவிடப் பல மடங்கு வசதி குறைந்தவர்கள். அடுத்தவருடைய வறுமையைத் தன் படிப்பாகவும் பிறகு தன் பிழைப்பாகவும் ஆக்கிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? பாடத்திட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலே அதிகம். தத்துவத்திலும் சமயத்திலும் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில், ‘உரிமை என்ன, அது கடமை’ என்று சொன்னவரைப் பார்க்க வேண்டும். 1971 நவம்பரில் ஆக்ஸ்போர்டில் இருந்த 25 வயது ஆஸ்திரேலியர் பீட்டர் சிங்கர் ஒரு கட்டுரை எழுதினார். கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் இந்தியாவுக்குள் வந்து பட்டினியிலும் நோயிலும் செத்துக்கொண்டிருந்த நேரம். அடுத்த ஆண்டு அச்சான அந்தக் கட்டுரையில் வரும் உதாரணம் இன்று உலகப் பிரசித்தம். ஆழமில்லாத குளம் ஒன்றில் ஒரு குழந்தை மூழ்குகிறது. வழியில் போகிறவர் இறங்கித் தூக்கினால் உடுப்பில் சேறு படும், அவ்வளவுதான். தூக்காமல் போகிறவரை யாராவது மன்னிப்பார்களா? பிறகு சிங்கர் அந்தக் குழந்தையைக் குளத்திலிருந்து எடுத்துப் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் வைக்கிறார். தூரம் கூடியதால் கடமை குறைந்துவிட்டதா? குறையவில்லை என்கிறார். இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலில் சாப்பிட்டு வந்தவர்கள் குறைவு. தங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக உறுதி எடுத்துக்கொள்ளும் ஓர் இயக்கமே ஆக்ஸ்போர்டில் 2009இல் இந்த வாதத்தின் நிழலில் பிறந்தது.

வாதம் வலுவானதுதான். ஆனால் குளத்துக் குழந்தை விஷயத்தில் தெரியாதது என்று எதுவும் இல்லை. மூழ்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். செய்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. தூரத்து வறுமை அப்படியா?

இல்லை என்பதற்கு வங்கமே சாட்சி. 1943 பஞ்சத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் செத்தார்கள். சாந்திநிகேதனில் இருந்த சிறுவன் அமர்த்தியா சென், வாசலுக்கு வந்த பசித்தவர்களுக்கு அரிசி கொடுக்கத் தாத்தாவிடம் அனுமதி கேட்டான். குடும்பத்துக்கு ஒரு சிகரெட் டின் அளவு கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. சிங்கர் சொன்ன கடமையை ஒரு சிறுவன் சிகரெட் டின்னில் அளந்து செய்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்ன என்று சொல்ல அவருக்கு 38 ஆண்டுகள் பிடித்தன. 1981இல் வெளிவந்த அவருடைய வறுமை, பஞ்சம் பற்றிய நூல் கணக்கைத் திறந்து வைத்தது. 1943இல் வங்கத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம். இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு. ஆனாலும் மையச் செய்தி நின்றுவிட்டது: அரிசி இருந்தது, அதை வாங்கக் கூலிக்காரரிடமும் மீனவரிடமும் காசு இல்லை. போர்க்காலச் செலவில் விலை எகிறியது, கூலி எகிறவில்லை.

உணவுப் பற்றாக்குறை இருந்தால்தான் பஞ்சம் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்த அரசுக்கு இரக்கம் மட்டும் வந்திருந்தாலும் பாதிதான் பயன். ஆகவே படிப்பு வேண்டியிருக்கிறது. இரக்கம் இருந்து விவரம் இல்லாதவர் செய்யும் சேதத்தைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையைக் காட்டினால் போதும்.

இல்லிச்சின் விதிவிலக்கு இங்கே சரிதான் என்று தோன்றும். ஆனால் படிப்பும் பொய் சொல்லும். தெரியாமல் சொல்வதோடு நில்லாமல், தனக்கு வசதியாகவும் சொல்லும்.

லெசோத்தோ என்ற சின்ன நாட்டைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்காதான். அங்கே தாபா-ட்செகா மலைப்பகுதியில் 1975இல் ஒரு வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பணம் பெரும்பாலும் கனடாவும் உலக வங்கியும் கொடுத்தது. அதே ஆண்டு வந்த உலக வங்கி அறிக்கை, நவீனப் பொருளாதாரத்தின் காற்றே படாத பழைய விவசாயச் சமூகம் என்று அந்த நாட்டை வர்ணித்தது. அங்கே களப்பணி செய்த மானுடவியலாளர் ஜேம்ஸ் பெர்குசன் 1990இல் தன் நூலில் இதைப் பிரித்து மேய்ந்தார். பல தலைமுறைகளாக அந்த ஊர் ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். வீடுகள் ஓடியது சுரங்கச் சம்பளத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த நாடு தானியம் ஏற்றுமதி செய்திருக்கிறது.

திட்டக்காரர்களைக் குழப்பியது மாடு. மேய்ச்சல் நிலம் தாங்காத அளவுக்கு மாடுகள். வறட்சி வந்து கண்முன்னே சாகும்போதுகூட விற்க மாட்டேன் என்கிறார்கள். பழமையில் ஊறியவர்கள், சந்தை தெரியாதவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். பெர்குசன் ஊரில் உட்கார்ந்து கேட்டபோது கதை வேறாக இருந்தது. பணத்தைக் கொடுத்து மாடு வாங்கலாம். மாட்டைக் கொடுத்துப் பணமாக்குவது, வேறு வழியே இல்லாத நெருக்கடியில் தவிர, முறை இல்லை. ஏன்? சுரங்கத்துக்குப் போன கணவன் அனுப்பும் காசு வீட்டிலிருக்கும் மனைவியின் கையில் செலவாகிவிடும்; மாடாக மாற்றிவிட்டால் அவளால் தொட முடியாது. சுரங்கத்தில் இருந்து திரும்பும் நாளுக்கு அது அவனுடைய ஓய்வூதியம். இரவல் மாடு கொடுத்தால் ஊரில் நாலு பேர் மதிப்பார்கள். ஆக, மாட்டின் பின்னால் ஒரு வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் இழுபறி இருந்தது. அந்த இழுபறிக்குப் பின்னால் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் கூலி முறை இருந்தது.

அறிக்கை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். தென்னாப்பிரிக்க நிறவெறியைச் சரிசெய்ய எந்த வளர்ச்சி நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை. நல்ல இன மாடு, சாலை, மேய்ச்சல் சங்கம் இவற்றைக் கொடுக்கத்தான் அதனால் முடியும். தன்னால் தீர்க்க முடிந்த பிரச்சினைதான் அந்த ஊரின் பிரச்சினை என்று படிப்பு தீர்மானித்துவிட்டது. இது மெத்தனத்தைவிட மோசமானது. பார்க்கிறவரின் தேவையே பார்க்கப்படுவதை வரைந்துவிடுகிறது. படத்தில் இருப்பவர் ‘இது நான் இல்லை’ என்று சொல்ல ஓரிடமும் இல்லை.

இந்தத் துறைக்குள்ளேயே இதைத் துணிந்து சொன்னவர் ராபர்ட் சேம்பர்ஸ். கென்யாவில் காலனி ஆட்சியின் மாவட்ட அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். காலனி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த அதே பிரிட்டிஷ் பல்கலைகள் சிலவற்றில், சாம்ராஜ்யம் கலைந்த பிறகு, வளர்ச்சித் துறைகளும் முளைத்தன. சேம்பர்ஸின் 1983ஆம் ஆண்டு நூல், ஊரை ஆராயப் போகும் நிபுணரைப் பின்னாலேயே போய்க் கவனிக்கிறது. ஜீப் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை. ஆகவே சாலையோரத்து வீடுதான் ஊர். ஏற்கெனவே ஒரு திட்டம் நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போகிறார்கள். பேசுவது தலைவரோடு, அதுவும் ஆண்களோடு. மரியாதை கருதிச் சங்கடமான கேள்வியைக் கேட்பதில்லை. தன் துறை சார்ந்தது மட்டுமே கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் மேல், மழை நின்று சாலை காய்ந்த பிறகுதான் வருகிறார். கிராமத்து ஏழைக்குப் பசியும் காய்ச்சலும் கடனும் ஒன்றாகச் சேர்ந்து வருவது மழைக்காலத்தில், அறுவடைக்கு முன். அந்த மாதங்களை நிபுணர் பார்த்ததே இல்லை.

சேம்பர்ஸ் இதில் கொஞ்சம் தமிழ் மண்ணிலும் கற்றவர். 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலை ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியைப் பற்றி வட ஆற்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நடத்திய ஆய்வில் அவரும் இருந்தார். பிறகு அவர் பரப்பிய முறை, இன்று தமிழ்நாட்டின் எந்தத் தொண்டு நிறுவன ஊழியருக்கும் ‘பி.ஆர்.ஏ.’ (பங்கேற்பு ஊரக மதிப்பீடு) என்ற பெயரில் மனப்பாடம். ஊர்க்காரர்களே கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போட்டு, கிணறு எங்கே, தண்ணீர் வராத தெரு எது என்று காட்டுவார்கள். எழுதுகோல் கைமாறிவிட்டது போல இருந்தது. 2001இல் பில் குக்கும் உமா கோத்தாரியும் தொகுத்த நூல் ஒன்று இந்தப் பங்கேற்பே புதிய கொடுங்கோலா என்று கேட்டது. கேட்டதில் நியாயம் உண்டு. கோலம் போடுகிறவர்கள், வந்திருக்கும் நிறுவனம் கையில் என்ன வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வரைகிறார்கள். கிணறு தோண்டும் நிறுவனத்திடம் யாரும் கூலி உயர்வு கேட்பதில்லை.

தூரத்தில் இருந்து வருவதுதான் கோளாறு என்றால், சொந்த ஊரைச் சொந்த ஊர்க்காரரே படித்தால்? அதையும் இங்கே நூறு ஆண்டுக்கு முன்பே செய்து பார்த்தாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915 இறுதியில் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். தொழிலாளர்களுக்கென்று ஆக்ஸ்போர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இந்தியக் கிராமம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்த அவர் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் கொடுத்தார். உன் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், கூலி என்ன, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு என்று எழுதி வா. அப்படி வந்தவைதான் 1918இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, ராமநாதபுரத்து வடமலாபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான், தஞ்சாவூர் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டுத் தூசி. இந்த ஊர்களை ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி போனார்கள், 1980களில் எஸ். குகன் முன்னின்று சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போனது. இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மறுபடியும் போனார்கள்.

ஒரே ஊரை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வு உலகத்திலேயே குறைவு. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனாலும் 1916இல் கல்லூரிக்கு வரக்கூடிய மாணவன் ஊரின் எந்தத் தெருவைச் சேர்ந்தவனாக இருந்திருப்பான்? நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை சேரிக்குப் போய்க் கடன் கணக்கு கேட்டால், கடன் கொடுத்தவர் அவனுடைய அப்பாவாகவே இருந்திருக்கலாம். பதில் சொல்பவர் எதைச் சொல்லியிருப்பார்? மெக்சிகோவுக்குப் போன அமெரிக்க மாணவரைவிட இந்த மாணவனுக்கும் அந்தச் சேரிக்கும் இடையில் தூரம் குறைவு என்று சொல்ல முடியாது. நிலத்தைப் பிடித்து நின்ற சாதி அதிகாரம் எப்படித் தளர்ந்தது, ஊர்க்காரர்கள் விவசாயத்துக்கு வெளியே எப்படி வேலை தேடிக்கொண்டார்கள் என்று 2008 ஆய்வு எழுதியது. 1916இல் அந்த அதிகாரத்தின் பிள்ளைகள்தான் பேனா பிடித்திருந்தார்கள்.

ஆக, சொந்த ஊர்க்காரன் என்ற சான்றிதழும் போதாது.

இனி சமயத்தின் பக்கம். இந்தத் துறையின் அறநெறிக் கேள்விகளை முதலில் எடுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் கோயில் வாசலில் இருந்து வந்தவர்கள்தான். பிரெஞ்சு தொமினிக்கன் துறவி லூயி-ஜோசப் லெப்ரே முன்பு கடற்படை அதிகாரி. பிரித்தானி மீனவர்கள் நடுவில் வேலை செய்து, அவர்கள் வாழ்க்கையைக் கணக்கெடுத்தே பொருளாதாரம் கற்றவர். போப் ஆறாம் பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் பற்றி விடுத்த சுற்றுமடலில் அவருடைய சிந்தனை பரவிக் கிடக்கிறது. அவருடைய சீடர் டெனிஸ் கூலே ‘வளர்ச்சி அறவியல்’ என்று ஒரு துறையையே கட்டினார். ஆராயப் போகிறவர் தன்னையும் அந்த மக்களின் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்றார். பெருவின் குஸ்தாவோ குட்டியெரஸ், இல்லிச் பேசிய அதே 1968இல், ஏழைக்கு வேண்டியது வளர்ச்சியா விடுதலையா என்று கேட்டு வளர்ச்சி என்ற பேச்சையே ஓரங்கட்டினார்.

இவர்களைவிடச் சுவாரசியமானவர் இலங்கையில் இருந்தார். கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. அரியரத்ன, 1958 டிசம்பரில் நகரத்து மாணவர்களைக் கனத்தொலுவ என்ற குக்கிராமத்துக்குக் கூட்டிப்போனார். சிங்களச் சாதி அடுக்கில் எல்லோரும் தள்ளிவைத்த ரொடியா மக்களின் ஊர் அது. கிணறு வெட்டினார்கள், கழிப்பிடம் கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். அதைவிட முக்கியம், அந்த வீடுகளில் தங்கினார்கள், சாப்பிட்டார்கள். அங்கிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. புத்தரின் நான்கு உண்மைகளை அரியரத்ன கிராமத்துக்குப் பொருத்திக் காட்டினார்: ஊர் துன்பத்தில் இருக்கிறது, துன்பத்துக்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்க வழி உண்டு. வேலைக்கு வந்தவரும் ஊர்க்காரரும் சேர்ந்து விழித்தெழுவதுதான் குறி. சாலை போடுவது அதற்கு ஒரு சாக்கு.

அழகான எண்ணம். ஆனால் இதில் ஒரு முள்ளும் உண்டு. கொழும்பு மாணவனின் விழிப்புக்கு ரொடியா குடும்பத்தின் வறுமை தேவைப்பட்டதா? அன்னதானம் செய்பவருக்குப் புண்ணியம் வேண்டும். அதற்குப் பசித்தவர் வேண்டும். மனிதனை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் சொன்ன விதி, காலனி அதிகாரியைத் தொடுவதுபோல் நல்ல மனசுக்காரத் தொண்டரையும் தொடும். கொடுப்பவரின் பார்வையே வாங்குபவருக்கு வலிக்கும் என்பது சமயங்களுக்குத் தெரியாதது அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தருமத்தை எட்டுப் படிகளாக அடுக்கியபோது, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாத தருமத்தை மேல்படியில் வைத்தார். அதற்கும் மேலே, கை நீட்டத் தேவையே இல்லாதபடி ஒருவரைத் தொழிலில் நிறுத்துவதை வைத்தார். வளர்ச்சிப் படிப்பு உச்சிப்படியை மட்டும் ஆசையோடு எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் மறைவு இந்தப் படிப்புக்கு ஒத்துவராது. அது எண்ண வேண்டும், படமெடுக்க வேண்டும், பேட்டி காண வேண்டும்.

எண்ணுவதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது சோதனை முறை. பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேருக்குக் கொடுக்காமல் வித்தியாசத்தை அளப்பது. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் இதற்காக நோபல் பெற்றார்கள். கென்யாவின் பூசியாவில் 75 பள்ளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பூச்சி மாத்திரையை ஆண்டு தள்ளி ஆண்டாகக் கொடுத்த ஆய்வு புகழ்பெற்றது. எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கக் காசும் ஆளும் இல்லாதபோது, யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில் அநியாயம் இல்லை. சிபாரிசுக்குக் கொடுப்பதைவிடச் சுத்தம். ஆனால் அதே கென்யாவில் நைரோபியின் கயோலே-சொவெட்டோ குடிசைப் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வு 2020இல் வெளியானதும் உலகமே கொதித்தது. தண்ணீர்க் கட்டணப் பாக்கி வைத்த வீட்டுக்காரர்களில் சீட்டு விழுந்தவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்து இணைப்பைத் துண்டித்தார்கள். துண்டித்தால் பாக்கி வருகிறதா என்று பார்க்க. தண்ணீர் இல்லாமல் போனது அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு. பாக்கிக்கு இணைப்பைத் துண்டிப்பது நீர் நிறுவனத்தின் வழக்கமான நடைமுறைதான் என்று ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள். விளக்கம் பொய்யல்ல. என்றாலும், பூசியாவில் ஒரு குழந்தை இழந்தது காத்திருக்கும் காலத்தை. இங்கே ஒரு குடும்பம் இழந்தது குடத்துத் தண்ணீரை. சோதனை முறை ஒன்றேதான். அதை வைத்து இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது.

இந்த எல்லா உதாரணங்களிலும் ஒரு விஷயம் குறுக்கே ஓடுகிறது. இரக்கம் இருந்ததா, அறிவு இருந்ததா, பக்கத்து ஊரா தூரத்து ஊரா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். படிக்கப்படுகிறவர் எதிர்த்துப் பேச இடம் இருந்ததா என்பதுதான் உரிமையைத் தீர்மானிக்கிறது. இல்லிச்சே இதைச் சொல்லியிருக்கிறார்: ‘போய்த் தொலை’ என்று சொல்லத் தெம்புள்ளவர்களிடம் போ என்று. அதை உதவிக்கு மட்டும் பொருத்தியதுதான் அவர் விட்ட இடம். படிப்புக்கும் அது பொருந்தும்.

எதிர்த்துப் பேச இடம் தற்செயலாகக் கிடைத்த ஒரு சம்பவமும் உண்டு. 1961 அக்டோபரில், புத்தம் புதிதாய்த் தொடங்கியிருந்த அமெரிக்க அமைதிப் படையின் இளம் பெண் தொண்டர் ஒருவர், நைஜீரியாவின் இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் பயிற்சியில் இருந்தார். ஊருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். இங்கே தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே எல்லாம் நடக்கிறது, அழுக்கும் அரைகுறை வாழ்க்கையும் என்ற தோரணையில் சில வரிகள். தபாலில் சேருமுன் அட்டை கைதவறி விழுந்தது. எடுத்தவர் ஒரு நைஜீரிய மாணவர். படியெடுத்து விடுதிகள் முழுக்கப் பரப்பினார்கள். மறுநாள் கண்டனக் கூட்டம், அமைதிப் படையே வெளியேறு என்ற முழக்கம். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. பார்த்ததை எழுதினார், அவ்வளவுதான். ஆனால் படித்தவர்கள் யார்? இங்கிலீஷ் தெரிந்த, சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆன நாட்டின் கல்லூரி மாணவர்கள். வளர்ச்சித் துறை எழுதும் ஆயிரக்கணக்கான அறிக்கைகளில் எத்தனை இப்படிக் கைதவறி விழுகின்றன?

தற்செயலுக்கு விடாமல் விதியாகவே எழுதியவர்கள் தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள். கலஹாரியின் இந்தப் பழங்குடியைவிட அதிகம் ஆராயப்பட்ட சமூகம் உலகத்தில் சிலவே. 2010இல் நான்கு சான் பெரியவர்களின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட அறிவியல் கட்டுரையின் இணைப்பில், தங்களை அவமதிக்கும் விவரங்களும் சொற்களும் இருப்பதாகச் சான் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். தனித்தனியாகச் சம்மதம் வாங்கினோம் என்பது ஆய்வாளர் தரப்பு. எங்கள் சமூகத்திடம் யார் கேட்டீர்கள் என்பது சான் தரப்பு. 2017 மார்ச்சில் அவர்கள் தங்கள் ஆராய்ச்சி நெறிமுறையைக் கேப் டவுனில் வெளியிட்டார்கள்: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, நடைமுறை என்று ஐந்து தலைப்பு. ஆய்வின் முடிவைத் திரும்ப வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவது அவமரியாதை என்று பச்சையாக எழுதியிருக்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் சான் சபையிடம் திட்டத்தை வைக்க வேண்டும், சபை மறுக்கலாம்.

சபை என்றால் யார், அதில் பெண்கள் குரல் எவ்வளவு, ஊர்ப் பெரியவரின் ‘சரி’ எல்லோருடைய ‘சரி’யும் ஆகுமா என்ற கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. 1916இல் இருவேல்பட்டில் ஊர் அனுமதி கேட்டிருந்தால் அதைக் கொடுத்திருக்கக்கூடியவர் நிலக்காரர். சேரியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தும் சான் மக்களிடம் ஒரு வாசற்கதவாவது இருக்கிறது, தட்டிவிட்டு நிற்க. கயோலே-சொவெட்டோவில் வாடகைக்கு இருப்பவருக்கோ, வட ஆற்காட்டின் கூலிக்காரருக்கோ அப்படி ஒரு சபை கிடையாது. அவர்கள் சார்பில் சம்மதம் தருவது ஆய்வாளரின் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கூடும் நெறிமுறைக் குழு. பெரும்பாலும் அந்தக் குழுவில் அமர்ந்திருப்பவர்கள் அந்த ஊரைப் பார்த்தவர்கள் அல்லர்.